எடுக்காமல் விட்ட காய்

சுருவோகா
6 மார்ச் 2005

கென்சாகு,

கடிதம் என்றால் முதலில் பருவம் சொல்ல வேண்டும். சொல்கிறேன்: பனி, முழங்கால் வரை. போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் நீ அனுப்பிய மின்னஞ்சலை, என் இலவச ஆட்ட மென்பொருளான தும்பியின் குழு அஞ்சல் பட்டியலில் நான் போட்டுவிட்டேன் என்று தொலைபேசியில் கத்தினாய். "இருநூறு பேர் படிச்சுச் சிரிச்சிருக்காங்க அக்கா! இனிமே காகிதத்துல எழுதினாத்தான் பதில்!" என்றாய். இதோ காகிதம். தபால்தலைகூட நேராக ஒட்டியிருக்கிறேன்.

இன்று ஞாயிறு. நகர மன்றக் கட்டடத்தில் எங்கள் பேக்கமன் பகடையாட்ட வட்டம் கூடியது. பல் டாக்டர் தன் மடிக்கணினியில் உங்கள் கம்பெனி விற்கிற ஆட்ட மென்பொருள் வெண்கொக்கின் மூன்றாம் பதிப்பைப் போட்டுக்கொண்டு வந்து பெருமையடித்தார். முப்பத்தெட்டாயிரம் யென்னாம். பெட்டியின் மேல் 'விலை கொடுத்தால் உண்மை தெரியும்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அப்படியானால் காசு வாங்காத என் தும்பி பொய் சொல்லுமா? நல்லா இருக்குடா நியாயம்.

அவர் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு நிலையைப் போட்டுப் பார்த்தேன். ஏழு காய். ஆட்டத்தின் கடைசிக் கட்டம், இனி யாரும் யாரையும் வெட்ட முடியாது, காய்களை வெளியே எடுக்கிற ஓட்டம் மட்டும்தான். பகடையில் நாலும் ஒன்றும். நேற்று ஆடப் பழகியவன்கூட நாலாம் வீட்டுக் காயை வெளியே எடுப்பான். உன் கொக்கு எடுக்கவில்லை. உள்ளேயே இரண்டு காயை நகர்த்து என்றது. என் தும்பி சொல்கிற அதே விடை, கடைசி தசமப் புள்ளி வரை.

அது தப்பான விடை. அந்தத் தப்பு உலகத்திலேயே ஒரே ஒரு அட்டவணையில்தான் இருக்க முடியும். 1998 ஆகஸ்ட், முன்னோரை வணங்கும் ஓபோன் விடுமுறை, என் வீட்டு முன்னறை. கடைசிக் கட்ட நிலைகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாய்ப்பு என்று கணக்கிட்டு வைக்கப் பதினொரு நாள் கணினியை ஓட்டினோம். ஒன்பதாம் நாள் இடி விழுந்து மின்சாரம் போயிற்று. "போச்சு, எல்லாம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். முந்தைய நாள் சேமித்து வைத்த கணினித் தட்டிலிருந்து மறுபடி ஓட்டினோம். அதில் ஒரு எண் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கெட்ட எண்தான் இன்றைக்கு உன் கம்பெனிப் பெட்டிக்குள் உட்கார்ந்து விலைக்குப் போகிறது.

தும்பியை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எடுத்ததை மறைக்கக் கூடாது, அதை வைத்துச் செய்ததைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த நிபந்தனையை நீயும் நானும் சேர்ந்துதான் எழுதினோம். பூசி மெழுகாமல் பதில் சொல்.

மிசாவோ


கந்தா, டோக்கியோ
11 மார்ச் 2005

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கே ப்ளம் பூத்து ஓய்ந்துவிட்டது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அட்டவணை உங்களுடையது என்கிறீர்கள். அந்தக் கணினியை வாங்க மூன்று மாதம் பேக்கரியில் மாவு பிசைந்தது நான். நிரலில் பாதி என் கையால் எழுதியது. வீடு உங்களுடையது. வேண்டுமானால் மின்வெட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் உழைப்பை நான் எடுத்துக்கொண்டு போனதற்குத் திருட்டு என்று பெயர் வைப்பது உங்களால்தான் முடியும்.

நீங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் தேதி ஆனால் சம்பளம் வந்துவிடும். தும்பி உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே பதினேழு பேர் இதை நம்பிப் பிழைக்கிறோம். நீங்கள் ஒவ்வொரு முறை புதுப் பதிப்பை ஊருக்குத் தானம் செய்யும்போதும் எங்கள் விற்பனை சரிகிறது. ஓசியில் கிடைக்கிற பொருளோடு எப்படிப் போட்டி போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒன்று கேட்கிறேன். அது தப்பு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? நேற்றுத் தெரிந்திருந்தால் நேற்றே தும்பியில் திருத்தியிருப்பீர்களே.

கென்சாகு


சுருவோகா
15 மார்ச் 2005

கென்சாகு,

'நீங்கள்', 'அவர்கள்'! உன் மூக்கைச் சிந்திவிட்ட கைக்கு 'அவர்கள்' போடுகிறாயா? போடு, போடு. பருவம் சொல்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று பேக்கமன் இணைய லீகின் முகப்புப் பக்கத்தைத் திறந்தேன். பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இகுயோ செதோயாமா, சுருவோகா. ஆட்டத்தின்போது கணினி உதவியைப் பயன்படுத்தியதாகத் தீர்ப்பு. இரண்டு ஆண்டுத் தடை. மே 29 டோக்கியோ இறுதிச் சுற்றில் அவருக்கிருந்த இடம் ரத்து. கீழே மூன்று நடுவர்கள் பெயர், நடுவில் உன் பெயர்.

ஆதாரம் என்னவென்று படித்தேன். ஏழு காய். நாலும் ஒன்றும். 'சாதாரண ஆட்டக்காரர் எவரும் யோசிக்காத, வெண்கொக்கு மட்டுமே காட்டக்கூடிய இந்த நகர்வை அவர் இரண்டே நொடியில் செய்துள்ளார்.'

என் கடிதம் உனக்கு எட்டாம் தேதி கிடைத்திருக்கும். அதில் அது கெட்டுப்போன எண் என்று எழுதியிருந்தேன். தெரிந்துகொண்டே, ஆறு நாள் கழித்து, அவளை ஊர் பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறாய்.

இகுயோ யாரென்று உனக்குத் தெரியாது. நடுநிலைப் பள்ளிச் சமையலறையில் தினம் ஐந்நூறு பேருக்கு மதிய உணவு சமைக்கிறவள். நாலு வருஷமாக எங்கள் வட்டத்துக்கு வருகிறாள். தும்பி காட்டும் நிலைகளை அட்டையில் வரைந்து அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்து, கேரட் நறுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்கிறவள். எங்கள் ஊரிலிருந்து டோக்கியோ இறுதிச் சுற்றுக்குப் போக இருந்த முதல் ஆள். அவள் மனப்பாடத்தால் ஆடினாள், இரண்டு நொடியில் ஆடாமல் என்ன செய்வாள்?

தடையை எடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடு.

மிசாவோ


கந்தா
19 மார்ச் 2005

அக்கா,

சரி, 'நீ'.

தீர்ப்புக்கு ஐந்தாம் தேதியே மூன்று பேரும் ஓட்டுப் போட்டாகிவிட்டது. உன் கடிதம் வந்தபோது அறிவிப்பு மட்டும் பாக்கி. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று மற்ற இரண்டு பேரும் கேட்பார்கள். 'எங்கள் மென்பொருளில் தப்பு இருக்கிறது, அது என் அக்காவின் இலவச மென்பொருளிலிருந்து வந்த தப்பு' என்றா சொல்வேன்? எங்கள் முதலாளி நிரசாவா அன்றைக்கே என்னை வெளியே தள்ளுவார். தள்ளட்டும். மற்ற பதினாறு பேர்?

இகுயோ எங்களுக்கு அனுப்பிய விளக்கக் கடிதம் என் மேஜையில் இருக்கிறது. நீ படிக்க வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்:

'இந்த நகர்வை நான் மனப்பாடம் செய்திருந்தேன். முதலில் பார்த்தபோது எனக்கும் விசித்திரமாகத்தான் இருந்தது. 2002 அக்டோபரில், எனக்குச் சொல்லித் தருபவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். அட்டவணை அப்படித்தான் சொல்கிறது, மனப்பாடம் செய்துகொள் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவரை இதில் இழுக்க வேண்டாம்.'

இரண்டு முறை பெயர் கேட்டு எழுதினோம். இரண்டு முறையும் மறுத்துவிட்டார். பெயரைச் சொன்னால் விசாரிக்கிறோம், சொல்லாவிட்டால் தண்டனைதான் என்றும் சொல்லிப் பார்த்தோம்.

எனக்கு இப்போது அந்தப் பெயர் தெரியும் அக்கா. 2002-இல் அது தப்பு என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? 'எல்லோரும் உள்ளே பார்க்கலாம், அதனால் எங்களிடம் பொய் நிற்காது' என்று ஊர் ஊராகப் பேசுகிறாயே. ஏழு வருஷமாகத் திறந்து கிடக்கிறது. யார் பார்த்தார்கள்?

கென்சாகு


சுருவோகா
2 ஏப்ரல் 2005

கென்சாகு,

இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

தெரியும். 2000 ஜூனிலேயே தெரியும். சரிபார்க்கிற கணக்கு ஒன்று இடித்தது, தோண்டிப் பார்த்தேன், அந்த எண் அகப்பட்டது. திருத்த அரை நிமிடம் போதும். திருத்தவில்லை. அப்போது நீ சொல்லாமல் கொள்ளாமல் டோக்கியோ போய் ஒரு வருஷம். வெண்கொக்கு முதல் பதிப்பு வருகிறது என்று பத்திரிகையில் விளம்பரம். எங்கள் அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பாய் என்று என் மனசு சொல்லிற்று. கெட்ட எண் அப்படியே இருக்கட்டும், ஒரு நாள் உன்னைப் பிடித்துக் கொடுக்கும் என்று விட்டு வைத்தேன். எலிப்பொறி வைக்கிற மாதிரி. ஏழு காயில் நாலும் ஒன்றும் யாருக்கு எத்தனை தடவை விழப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பொறியை வைத்தேனே தவிர, ஐந்து வருஷம் உன் கொக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம். நீ எடுத்திருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

இகுயோ கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டுக் கட்டாக அட்டையோடு வந்தாள். "டீச்சர், இது ஒண்ணு மட்டும் மண்டைல ஏற மாட்டேங்குது. எடுக்கற காயை ஏன் எடுக்கக் கூடாது?" என்றாள். அத்தனை பேர் தும்பியை வைத்திருக்கிறார்களே, அவள் ஒருத்திதான் கேட்டாள். பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் என் புத்தியில் ஓடியது. "டேபிள் சொல்லுது. மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அந்த அட்டையைக் கட்டின் மேலே வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு அவள் வட்டத்துக்கு வந்தாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. தேநீர் கொடுத்தார்கள், குளிரைப் பற்றி விசாரித்தார்கள். ஆட உட்காரும்போது மட்டும் அவள் எதிரே நாற்காலி காலியாகவே கிடந்தது. நானே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். போகவில்லை.

புதன்கிழமை சொல்லிவிடுவது என்று பள்ளிச் சமையலறைக்குப் போனேன். விடுமுறை, தனியாக நின்று பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்க டீச்சர். நகர்வு சரிதானே? சரியா ஆடினதுக்குத்தானே தண்டனை குடுத்தாங்க. அந்தத் திருப்தி போதும் எனக்கு." சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, ரொம்பக் குளிருது என்று சொல்லித் திரும்பி வந்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் சொல்லிவிடுவோம். நான் வேண்டுமென்றே தப்பை விட்டு வைத்ததை நான் சொல்கிறேன். நீ அட்டவணையை எடுத்ததை நீ சொல். ஏப்ரல் 20, காலை பத்து மணி.

மிசாவோ


கந்தா
7 ஏப்ரல் 2005

அக்கா,

ஆற்றங்கரையெல்லாம் செர்ரிப் பூ. ஆபீஸ் ஆட்கள் நீலத் தார்ப்பாய் விரித்துக் குடித்துப் பாடுகிறார்கள். நான் போகவில்லை.

ஒரே நாளில் சொல்லலாம் என்று சுலபமாக எழுதிவிட்டாய். உனக்குப் போவது மானம். எனக்குப் போவது சோறு. நாலாம் பதிப்புக்கு ஆறு மாதமாக உழைத்திருக்கிறோம். ஒரு ஆள் சமீபத்தில்தான் வீடு வாங்கினான். நாங்கள் மூடினால் எல்லோரும் தும்பிக்கு ஓடி வருவார்கள். அப்படிப் பார்த்தால் இதில் உனக்கு லாபம்தான், இல்லையா? கோபித்துக்கொள்ளாதே, நிரசாவா இப்படித்தான் கேட்பார்.

வேறு வழி சொல்கிறேன். ஜூனில் 'ஆதாரம் போதவில்லை' என்று சத்தமில்லாமல் தடையை எடுத்துவிடுகிறேன். இறுதிச் சுற்று அதற்குள் முடிந்திருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருஷம் ஆடட்டும்.

நீ நேராகச் சொன்னாய், நானும் சொல்லிவிடுகிறேன். எடுத்தேன். 1999-இல் முதல் பதிப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள், அட்டவணை இல்லை. நாம் சேமித்த கணினித் தட்டு என் பையிலேயே இருந்தது. பிறகு சொந்தமாகக் கணக்கிட்டு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்றைய கணினிக்கு அது ஒரு மதிய வேலை. ஓடுகிற வண்டியை எதற்குத் தொட வேண்டும் என்று ஆறு வருஷம் விட்டுவிட்டேன். பேக்கரியில் மாவு பிசைந்த கதையெல்லாம் சப்பைக்கட்டு. உன்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய், திறந்து காட்டு என்றும் சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

படித்ததும் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

கென்சாகு


(தபால் அட்டை)
சுருவோகா, 10 ஏப்ரல் 2005

தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை என்றுதான் அட்டையில் எழுதுகிறேன். 'ஆதாரம் போதவில்லை' என்றால் 'செய்தாள், ஆனால் பிடிபடவில்லை' என்றுதான் இந்த ஊர் புரிந்துகொள்ளும். ஒப்புக்கொள்ள மாட்டேன். லாபம் என்று எழுதினாயே, அதற்கு உன்னை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன். இருபதாம் தேதி, பத்து மணி.
மி.


சுருவோகா
24 ஏப்ரல் 2005

கென்சாகு,

இருபதாம் தேதி காலை இரண்டாவது பாடவேளையை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. உனக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். பயந்தேன். இருபது நாடுகளில் முன்பின் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் தும்பிக்கு எழுதுகிறார்கள். அவர்களை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

இன்று வட்டத்தில் பல் டாக்டர் உன் புதுப் பதிப்பைக் காட்டினார். 3.1. மாற்றங்கள் பட்டியலில் ஒரே வரி: 'சில சிறு திருத்தங்கள்'. ஏழு காயைப் போட்டேன். நாலும் ஒன்றும். கொக்கு காயை வெளியே எடுத்தது.

அடப்பாவி. ஒரு மதிய வேலை என்று எழுதினாயே, அந்த மதியம் இப்போதுதான் கிடைத்ததா? ஆறு வருஷமாக வராத சுறுசுறுப்பு இப்போது எங்கிருந்து வந்தது? ஒரு மனுஷி இந்தத் தப்பால் நாசமாகிக்கொண்டிருக்கிறாள். நீ காலடித் தடத்தைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருக்கிறாய்.

இகுயோ இன்று வரவில்லை.

மிசாவோ


கந்தா
28 ஏப்ரல் 2005

அக்கா,

ஆமாம், நான்தான் திருத்தினேன். யாரும் சொல்லவில்லை, நானேதான்.

திட்டு. ஆனால் யோசித்துப் பார். இனி அந்த விடை தும்பியில் மட்டும்தான் இருக்கிறது. நீ வாயைத் திறந்தால் தனியாகத்தான் நிற்பாய். 'இலவசத்தின் லட்சணம் பார்' என்பார்கள். இகுயோவுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. கொக்கை வைத்து ஆடவில்லை, தும்பியை வைத்து ஆடினாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நீயும் சத்தமில்லாமல் திருத்திவிடு. அரை நிமிடம்தானே. நீயும் நானும் சுத்தம். அதன்பின் ஆறப்போடுவோம், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு வருஷம் போகட்டும், வீட்டுக்கு வருகிறேன். அக்கா தம்பியாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

என் கடிதத்தைக் கிழித்துவிட்டாய்தானே? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

கென்சாகு


சுருவோகா
6 மே 2005

கென்சாகு,

நாற்று நடத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். காலை வெயிலில் வயல் கண் கூசுகிறது. இந்தத் தடவை ஒழுங்காகப் பருவம் சொல்லிவிட்டேன்.

நீயும் நானும் சுத்தம் என்று எழுதினாய். சுத்தமாகாத ஒருத்தி இருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "இகுயோ, அந்த ஏழு காய் நகர்வு தப்பு" என்றேன். அவள் உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்து, அங்கேயே தரையில் விரித்து ஏழு காயையும் அடுக்கினாள்.

"அப்போ காயை எடுக்கணுமா?"

"எடுக்கணும்."

எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். "இப்படித்தான் முதல்ல எனக்குத் தோணிச்சு" என்றாள்.

பிறகு கேட்டாள். "டீச்சர், அன்னிக்கு நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் மனப்பாடம் பண்ணச் சொன்னீங்களா?"

"ஆமா."

அழுதிருந்தால், கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காய்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். "உங்க பேரைச் சொல்லச் சொல்லி ரெண்டு தடவை எழுதினாங்க. நான் சொல்லல" என்றாள். "தெரியும்" என்றேன். "இனிமே ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

நாளை காலை பட்டியலில் போடப்போகிறேன். தப்பை 2000-இலேயே கண்டுபிடித்தது, வேண்டுமென்றே விட்டு வைத்தது, கேட்டவளிடம் பொய் சொன்னது எல்லாம் எழுதியாகிவிட்டது. தும்பியின் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதினால் கொக்கா தும்பியா என்று இருநூறு பேரும் சண்டை பிடிப்பார்கள். இகுயோவை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

உன் ஏப்ரல் ஏழாம் தேதிக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பிப்ரவரியில் செய்த மாதிரி இதையும் பட்டியலில் போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை உறையிலிருந்து எடுத்தேன். இனி உன் எழுத்தை உன்னைக் கேட்காமல் எங்கேயும் போட மாட்டேன். இதோடு வைத்து உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. கிழிப்பதானால் நீயே கிழித்துக்கொள்.

அக்கா


அனுப்புநர்: கென்சாகு
பெறுநர்: தும்பி அஞ்சல் பட்டியல், இணைய லீக் உறுப்பினர்கள் அனைவரும்
9 மே 2005, காலை 11:40

அக்கா,

டோக்கியோவில் மழை. இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கிவிடும் போலிருக்கிறது.

இதைக் காகிதத்தில் எழுதவில்லை. எல்லோரும் படிக்கட்டும்.

நீ சனிக்கிழமை உண்மையைச் சொன்னாய். அன்றும் நேற்றும் வெண்கொக்கு இதுவரை இல்லாத அளவுக்கு விற்றது. 'விலை கொடுத்தால் உண்மை தெரியும்' என்ற எங்கள் வரியைக் கீழே ஒட்டி உன்னைக் கிண்டல் செய்திருந்தார்கள். அலுவலகத்தில் கை தட்டினார்கள்.

நேற்று நடுவர் குழு கூடியது. உன் கடிதத்தைப் படித்தோம். தடையை எடுக்க முடியாது என்று மற்ற இரண்டு பேரும் சொன்னார்கள். "மார்ச்சுல கொக்கும் இதையேதான் சொல்லிச்சு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு மென்பொருள் ஒரே மாதிரித் தப்புப் பண்ணுமா? டீச்சர் தன் மாணவியைக் காப்பாத்த, கொக்கைப் பார்த்து அந்த எண்ணை இப்போ தும்பியில போட்டுட்டுப் பொய் சொல்றாங்க" என்றார்கள். நியாயமான வாதம். தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆட்டவும் பார்த்தேன். உன் உறை சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேஜை மேல் வைத்து, "சம்பந்தம் இருக்கு. படிங்க" என்றேன். படித்துவிட்டுத் தடையை நீக்க ஒப்புக்கொண்டார்கள்.

என் ஏப்ரல் 7 கடிதத்தைப் படமெடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். 1999-இல் தும்பியின் அட்டவணையை நான் எடுத்தேன். மறைத்தேன். மார்ச் எட்டாம் தேதி அது தப்பு என்று தெரிந்தும் பதினாலாம் தேதி அறிவிப்பைத் தடுக்கவில்லை. ஏப்ரலில் தடயத்தை அழித்தேன். இன்று காலை நிரசாவாவிடம் சொல்லிவிட்டேன். "சாவியை வச்சிட்டுப் போ" என்றார். மற்ற பதினாறு பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் கதி என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கும்.

பிறகு இகுயோ செதோயாமாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பின்னால் பாத்திரச் சத்தம். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "மன்னிப்பு இருக்கட்டும். போன தடவை எங்க போட்டீங்களோ அதே இடத்துல, அதே பெரிய எழுத்துல போடுங்க. இப்போ அஞ்சாம் வகுப்புக்குச் சாதம் அனுப்பணும்" என்று வைத்துவிட்டார். நடுநிலைப் பள்ளிச் சமையலறையிலிருந்துதான் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கும் போகிறதாம். நீ அதை எழுதவே இல்லை அக்கா.

லீகின் முகப்புப் பக்கத்தில், அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் இப்போது இருப்பது இதுதான்:

இகுயோ செதோயாமா மீதான தடை தவறு. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. மே 29 இறுதிச் சுற்றில் அவர் ஆடுகிறார். வெண்கொக்கு மூன்றாம் பதிப்பையோ தும்பியையோ வைத்துப் பயின்றவர்கள் கவனிக்கவும்: அந்த ஏழு காய் நிலையில் நாலும் ஒன்றும் விழுந்தால், காயை வெளியே எடுங்கள்.

கென்சாகு